உயிரணுவின் காவலன்

புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவர் குரலைத் தாழ்த்திக்கொள்வது வழக்கம். பெயரைச் சொன்னாலே நோய் வீட்டுக்குள் வந்துவிடும் என்று அஞ்சுவோர் இன்றும் உண்டு. பச்சைக் குழந்தைக்கு அந்நோய் கண்டுவிட்டாலோ, கேட்கவே வேண்டியதில்லை. “யார் செய்த பாவமோ!” என்று ஒருவர் தொடங்குவார், “தாய் வீட்டு வழியில் யாருக்காவது இருந்திருக்கும்” என்று மற்றொருவர் முடித்துவைப்பார். பழி பெரும்பாலும் தாயின் தலையில்தான் விழும். இப்பேச்சுக்கு விடை கூறும் நிலையில் விஞ்ஞானம் இன்று இருக்கிறது. அந்த விடை ஒரே ஒரு ஜீனின் வரலாற்றில் அடங்கியுள்ளது. விஞ்ஞானம் பயிலாத நண்பர்களும் அதை எளிதில் புரிந்துகொள்ளலாம். புரிந்துகொண்டால் ஒரு குழந்தையின் கண்ணையோ உயிரையோ காக்கவும் கூடும்.

பெருகு என்பதும் நில் என்பதும்

நாம் அனைவரும் ஓர் உயிரணுவிலிருந்து தோன்றியவர்கள். அந்த ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, கோடி கோடியாகப் பெருகி உடலாகிறது. ஆனால் பெருகத் தெரிவது மட்டும் போதாது. நிற்கவும் தெரிய வேண்டும். விரலில் கத்தி பட்டால் தோலின் உயிரணுக்கள் பிளந்து பெருகிக் காயத்தை நிரப்புகின்றன. நிரம்பியதும் நின்றுவிடுகின்றன. நில்லாது போயின் என்னவாகும்? விரலில் ஒரு கட்டி வளர்ந்துகொண்டே போகும். நேற்றுத் தரையாக இருந்த இடத்தில் இன்று முளைத்து, நாளுக்கு நாள் உயரும் கறையான் புற்றைக் கண்டவர்கள், இந்நோய்க்கு நம் மொழியில் ஏன் அப்பெயர் வந்தது என்பதை அறிவர்.

உயிரணுவுக்கு ஆணையிடுபவை ஜீன்கள். அவை குரோமோசோம்கள் எனப்படும் நுண்ணிய இழைகளில் வரிசையாக அமைந்துள்ளன. மனித உயிரணுவில் 46 குரோமோசோம்கள், அதாவது 23 இணைகள் உண்டு. ஒவ்வோர் இணையிலும் ஒன்று தந்தை தந்தது. மற்றொன்று தாய் தந்தது. ஆகவே ஏறத்தாழ எல்லா ஜீன்களும் நம்மிடம் இரண்டு படிகளாக இருக்கின்றன. இதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவது முழுவதும் விளங்கும்.

“பெருகு” என்று தூண்டும் ஜீன்கள் சில. “நில்” என்று தடுக்கும் ஜீன்கள் சில. நெடுங்காலம் ஆராய்ச்சியாளர் கவனம் தூண்டும் வகையின் மீதே இருந்தது. 1911-ல் அமெரிக்காவில் பெய்டன் ரவுஸ் என்பவர், கோழிகளின் புற்றுக்கட்டியிலிருந்து வடித்தெடுத்த நீரில் அந்நோயை மற்றக் கோழிகளுக்கு உண்டாக்கும் சக்தி இருப்பதைக் காட்டினார். அது ஒரு வைரஸின் வேலை. அந்த வைரஸை ஆராயப் போய்த்தான், தூண்டும் ஜீன் நம் உயிரணுவிலேயே இருப்பதும், அது வரம்பு மீறினால் புற்று விளைவதும் 1976-ல் தெரியவந்தன. புற்று என்பது ஏதோ ஒன்று மிகுதியாகிவிட்டதால் வருவது என்ற எண்ணம் இதனால் வலுப்பெற்றது.

ஆயினும் வேறு விதமாக எண்ணியவரும் இருந்தனர். ஜெர்மானிய விஞ்ஞானி தியோடர் பொவேரி கடல் முள்ளெலி என்னும் உயிரினத்தின் முட்டைகளை ஆராய்ந்தவர். உயிரணு பெருகுவதைத் தடுக்கும் கூறுகள் குரோமோசோம்களில் இருக்கலாம் என்றும், அவற்றை இழந்த உயிரணு கட்டுக்கடங்காமல் பெருகலாம் என்றும் 1914-லேயே அவர் எழுதினார். 1969-ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக் கழகத்தின் ஹென்றி ஹாரிஸும் அவருடைய துணைவரும் புற்று உயிரணுவையும் நல்ல உயிரணுவையும் ஒன்றாக இணைத்துப் பார்த்தனர். தீயது நல்லதைக் கெடுத்துவிடும் என்றே யாரும் எதிர்பார்ப்பர். நடந்ததோ வேறு. இணைந்த உயிரணு கட்டியை உண்டாக்கும் தன்மையை இழந்தது. அப்படியானால் நல்ல உயிரணுவிடம் இருந்த ஏதோ ஒன்று புற்று உயிரணுவிடம் இல்லை என்றுதானே பொருள்?

நாற்பத்தெட்டுக் குழந்தைகள்

இல்லாத பொருள் இன்னதென்று கண்டறிய வழி காட்டியவர் ஆல்பிரெட் நட்சன். 1922-ல் பிறந்த இவர் குழந்தை மருத்துவர். இவர் ஆராய்ந்த நோய் விழித்திரையில் தோன்றும் புற்று. மருத்துவர்கள் இதை ரெட்டினோபிளாஸ்டோமா என்பர். 15,000 முதல் 20,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வருவது இது. பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வந்துவிடும். காரணம், விழித்திரையின் உயிரணுக்கள் பெருகி உருவாவது கருவிலும் பிறந்த சில ஆண்டுகளிலும்தான்.

இந்நோயில் ஒரு புதிர் இருந்தது. சில குழந்தைகளுக்கு ஒரு கண்ணில் ஒரே கட்டி தோன்றும். ஏறக்குறைய இரண்டு வயதில் நோய் தெரியவரும். வேறு சில குழந்தைகளுக்கு இரு கண்களிலும் பல கட்டிகள் தோன்றும். அவர்களுக்கு ஒரு வயதளவிலேயே தெரிந்துவிடும். தாய்க்கோ தந்தைக்கோ இந்நோய் இருந்திருந்தால், குழந்தைக்குப் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையே வரும். ஒரே நோய் ஏன் இரு முகம் காட்டுகிறது?

ஹூஸ்டன் நகரத்து எம். டி. ஆண்டர்சன் மருத்துவமனையில் 1944 முதல் 1969 வரை சிகிச்சை பெற்ற 48 குழந்தைகளின் குறிப்புகளை நட்சன் எடுத்துக்கொண்டார். புதிய சோதனை எதையும் அவர் செய்யவில்லை. நோய் கண்ட வயதையும் கட்டிகளின் எண்ணிக்கையையும் வைத்துக் கணக்குப் போட்டார். ஒரே ஒரு விபத்தால் நோய் வருவதாயின், இன்னும் நோயுறாமல் எஞ்சியிருப்போரில் மாதந்தோறும் ஒரே விகிதத்தினர் நோயுற வேண்டும். இரண்டு விபத்துகள் தேவையாயின், தொடக்கத்தில் சிலரே நோயுறுவர். முதல் விபத்துக்கு உள்ளானோர் தொகை சேரச் சேரத்தான் வேகம் கூடும். இரு கண்களிலும் நோயுற்ற குழந்தைகளின் கணக்கு முதல் வகைக்குப் பொருந்தியது. ஒரு கண்ணில் நோயுற்றோரின் கணக்கு இரண்டாம் வகைக்குப் பொருந்தியது. 1971-ல் நட்சன் தம் முடிவை வெளியிட்டார்: இந்நோய்க்கு இரண்டு விபத்துகள் வேண்டும், பரம்பரையாக வரும்போது முதல் விபத்து பிறக்கும்போதே நேர்ந்துவிட்டிருக்கிறது.

ஓர் உவமையால் இதை விளக்கலாம். ஒரு பெரிய ஊரில் ஒவ்வொரு வீட்டு வாயிலிலும் இரண்டு காவலர் நிற்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் வீழ்ந்தாலும் மற்றவர் காத்துக்கொள்வார். இருவரும் வீழ்ந்த வீடே கொள்ளை போகும். ஒரே வீட்டில் இருவரும் வீழ்வது அரிது. ஆகவே அத்தகைய ஊரில் கொள்ளை நடந்தால் ஏதோ ஒரு வீட்டில், சற்றுக் காலங்கடந்துதான் நடக்கும். மற்றோர் ஊரில் தொடக்கத்திலிருந்தே வாயிலுக்கு ஒரு காவலர்தான். அங்கு ஒருவர் வீழ்ந்தாலே போதும். ஆகவே கொள்ளை விரைவில் நடக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளிலும் நடக்கும். ஊர் என்பது விழித்திரை. வீடு என்பது உயிரணு. இரு காவலர் என்பது ஒரே ஜீனின் இரு படிகள்.

எண்களிலும் பார்ப்போம். ஒரு காவலர் வீழ்வது பத்து லட்சத்தில் ஒன்று என்றும், விழித்திரையில் இருபது லட்சம் உயிரணுக்கள் என்றும் கணக்குக்காகக் கொள்வோம். ஒரு காவலரே உள்ள குழந்தைக்கு இரண்டு கட்டிகள் எதிர்பார்க்கலாம். இரு காவலரும் உள்ள குழந்தையின் உயிரணுவில் இருவரும் வீழ்வது லட்சம் கோடியில் ஒன்று. அதாவது, ஐந்து லட்சம் குழந்தைகளில் ஒரு குழந்தைக்கு ஒரு கட்டி. உண்மையில் இரண்டாம் விபத்து இதைவிட எளிதில் நேர்கிறது. உயிரணு பிளக்கும்போது, நல்ல படியைத் தாங்கிய குரோமோசோம் முழுவதுமே தவறிப்போவது உண்டு. இதை வெப்ஸ்டர் கேவனீயும் அவருடைய துணைவரும் 1983-ல் கட்டிகளில் கண்டு காட்டினர். நட்சன் கணக்கால் கண்டதற்கு அது கண்கூடான சான்றாயிற்று.

காவலன் செய்யும் வேலை

அந்த ஜீன் 13-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. 1986-ல் பாஸ்டன் பகுதியில் பணியாற்றிய ஸ்டீபன் பிரெண்ட், தாடியஸ் டிரைஜா, ராபர்ட் வெய்ன்பெர்க் ஆகியோரின் குழுவினர் அதைப் பிரித்தெடுத்தனர். நோயின் பெயரிலிருந்தே அதற்கு ஆர்.பி. என்று பெயர். கட்டியைத் தடுக்கும் ஜீன் என்று முதன்முதலில் கைக்குக் கிட்டியது இதுதான். நோயின் பெயரை நோயைத் தடுக்கும் ஜீனுக்கு இட்டிருப்பது விந்தையே. திருடன் பெயரால் காவலனை அழைப்பது போன்றது அது! ஆனால் விஞ்ஞானிகள் அந்த ஜீனை அறிந்துகொண்டது அது இல்லாதபோது விளைந்த கேட்டைக் கொண்டல்லவா?

இந்த ஜீன் 928 அமினோ அமிலங்களைக் கோத்த ஒரு புரோட்டீனை உண்டாக்குகிறது. அதன் வேலையைப் பார்ப்போம். உயிரணு இரண்டாகப் பிளக்குமுன் தன் டி.என்.ஏ. முழுவதையும் படியெடுத்தாக வேண்டும். படியெடுக்கும் வேலையைத் தொடங்கச் சொல்லி ஊரெங்கும் தண்டோராப் போடுவது ஈ-2-எப் என்ற மற்றொரு புரோட்டீன். சாதாரண நாட்களில் ஆர்.பி. புரோட்டீன் தண்டோராக்காரனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பறை ஒலிப்பதில்லை, உயிரணு அமைதியாக இருக்கிறது. உடலுக்குப் புதிய உயிரணுக்கள் தேவைப்படும்போது சைக்ளின் என்ற புரோட்டீனும் அதன் துணை நொதியும் வந்து, ஆர்.பி.யின் மேல் பாஸ்பேட்டுகளை ஏற்றுகின்றன. சுமை ஏறியதும் ஆர்.பி.யின் பிடி தளர்கிறது. தண்டோரா ஒலிக்கிறது, உயிரணு பிளக்கிறது. பிளந்து முடிந்ததும் பாஸ்பேட்டுகள் நீங்க, பிடி மீண்டும் இறுகுகிறது.

இரு படிகளும் பழுதாகி ஆர்.பி. புரோட்டீனே இல்லாது போனால் தண்டோராக்காரனைப் பிடிக்க ஆளில்லை. இரவும் பகலும் பறை ஒலிக்கும். விழித்திரையில் தோன்றும் கட்டி அந்த ஓயாத பறையின் விளைவு.

இந்தக் காவலன் குழந்தையின் கண்ணுக்கு மட்டும் உரியவன் அல்லன். உடலின் உயிரணுக்கள் எங்கும் அவன் இருக்கிறான். நுரையீரல் புற்றில் சிற்றணு வகை எனப்படுவதில் ஏறத்தாழ எப்போதுமே ஆர்.பி. இழக்கப்பட்டிருக்கிறது. எலும்புப் புற்றிலும் அடிக்கடி அவ்வாறே. இந்தியப் பெண்களை மிகுதியாகத் தாக்கும் கருப்பை வாய்ப் புற்றிலோ ஒரு புதுமையைக் காண்கிறோம். அங்கு ஜீன் பழுதாவதில்லை. ஹெச்.பி.வி. என்ற வைரஸ், ஈ-7 என்னும் தன் புரோட்டீனை உயிரணுவுக்குள் அனுப்புகிறது. அது ஆர்.பி.யைப் பற்றி அழித்துவிடுகிறது. காவலன் உயிரோடு பிறந்தும், வெளியிலிருந்து வந்த பகைவனால் வீழ்கிறான். வழி வேறு, விளைவு ஒன்றே. அந்த வைரஸுக்கு எதிரான தடுப்பூசி, ஒரு வகையில் இந்தக் காவலனைக் காக்கும் தடுப்பூசி என்றே சொல்லலாம்.

ஆர்.பி.யைத் தொடர்ந்து இதே வகை ஜீன்கள் பல அறியப்பட்டன. அவற்றுள் புகழ் பெற்றது பி-53. 1979-ல் கண்டுபிடிக்கப்பட்ட அது, பத்தாண்டுக் காலம் தூண்டும் வகையைச் சேர்ந்தது என்றே தவறாகக் கருதப்பட்டது. 1989-ல்தான் அதுவும் காவலனே என்பது தெளிவாயிற்று. டி.என்.ஏ.யில் பழுது நேரும்போது உயிரணுவை நிறுத்திவைப்பதும், பழுது தீராவிடில் உயிரணுவையே மாளச் செய்வதும் அதன் பணி. மனிதருக்கு வரும் புற்றுகளில் ஏறக்குறைய பாதியில் இந்த ஜீன் பழுதாகியிருக்கிறது.

இவ்வறிவால் மருந்தும் பிறந்திருக்கிறது. மார்பகப் புற்று வகை ஒன்றில், ஆர்.பி. நலமாக இருந்தும் அதன் மேல் ஓயாமல் சுமை ஏற்றப்படுவதால் பிடி தளர்ந்துவிடுகிறது. சுமை ஏற்றும் நொதியைத் தடுக்கும் பால்போசிக்ளிப் என்ற மருந்து 2015-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. காவலனின் கையை விடுவித்து, தண்டோராக்காரனை மீண்டும் பிடிக்கச் செய்வதே அதன் வேலை. காவலனே இல்லாத கட்டியில் அது பயன் தராது என்பது சொல்லாமலே விளங்கும்.

குடும்பத்துக்குச் சொல்ல வேண்டியவை

இனித் தொடக்கத்தில் கண்ட பழிப்பேச்சுக்கு வருவோம். இந்நோயுற்ற குழந்தைகளில் 100-க்கு ஏறக்குறைய 60 பேருக்கு அது பரம்பரை வழியாக வருவதே இல்லை. இரு விபத்துகளும் அக்குழந்தையின் ஒரு விழித்திரை உயிரணுவில் நேர்ந்தவை. எஞ்சிய 40 பேருக்கு உடலின் எல்லா உயிரணுக்களிலும் ஒரு படி பழுதாக இருக்கும். இவர்களிலும் பெரும்பாலோருக்குக் குடும்பத்தில் முன்பு யாருக்கும் இந்நோய் இருந்ததில்லை. தந்தையின் விந்தணுவோ தாயின் சினைமுட்டையோ உருவாகும்போது புதிதாக நேர்ந்த பழுது அது. அவ்வாறு புதிதாக நேரும் பழுது பெரும்பாலும் தந்தை தந்த படியில்தான் காணப்படுகிறது. தாயின் தலையில் இருக்கும் பழியை எடுத்துத் தந்தையின் தலையில் வைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. கோடிக்கணக்கான எழுத்துகளைப் படியெடுக்கும்போது ஓர் எழுத்துத் தவறுகிறது. அதில் யாருடைய குற்றமும் இல்லை.

அத்தை மகளை மணந்ததால் வந்ததோ, மாமன் மகனை மணந்ததால் வந்ததோ என்று கேட்போரும் நம்மிடையே உண்டு. உறவில் மணப்பதால் மிகும் நோய்கள் வேறு உள; அவற்றில் இரு பெற்றோரிடமிருந்தும் பழுதான படி வர வேண்டும். விழித்திரைப் புற்று பரம்பரையில் வருவதற்கு ஒருவரிடமிருந்து ஒரு படி வந்தாலே போதும். அவ்வாறு பழுதான படியை உடையவரின் ஒவ்வொரு குழந்தைக்கும் அது செல்லும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. அதைப் பெற்ற குழந்தைகளில் 100-க்கு 90 பேருக்கு மேல் கட்டி தோன்றும். இங்குதான் ஜீனைப் பற்றிய அறிவு குடும்பத்துக்குக் கைகொடுக்கிறது. நோயுற்ற குழந்தையின் இரத்தத்தைச் சோதித்துப் பழுது இன்னதென்று கண்டுவிட்டால், உடன்பிறந்தோரையும் சோதிக்கலாம். பழுது இல்லாத தம்பி தங்கையருக்கு மயக்க மருந்து கொடுத்து அடிக்கடி கண் சோதிக்கும் துன்பம் இல்லை. பழுது உள்ள குழந்தையைப் பிறந்த நாள் முதலே கவனித்து, கட்டி கடுகளவாக இருக்கும்போதே லேசர் ஒளியாலோ குளிர் சிகிச்சையாலோ அழித்துவிடலாம். கண்ணும் பிழைக்கும், பார்வையும் பிழைக்கும்.

சிகிச்சை முறையையும் இவ்வறிவு மாற்றியிருக்கிறது. ஒரு காவலனை இழந்த உடலில் கதிர்வீச்சுப் பட்டால் மற்றக் காவலனும் வீழ்ந்து, பிற்காலத்தில் எலும்பு முதலிய இடங்களில் புற்று வரலாம். ஆகவே இப்பரம்பரைப் பழுது உள்ள குழந்தைகளுக்கு வெளியிலிருந்து கதிர்வீச்சுச் செலுத்துவதை மருத்துவர்கள் இன்று இயன்றவரை தவிர்க்கின்றனர். ஒரு கண்ணில் மட்டும் நோய் வந்த குழந்தைகளிலும் 100-க்கு ஏறக்குறைய 15 பேர் பரம்பரைப் பழுது உள்ளவர்களே. ஆதலால் அவர்களையும் சோதித்துப் பார்ப்பது நல்லது.

நம் நாட்டில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 1,500 முதல் 2,000 குழந்தைகளுக்கு இந்நோய் வருவதாக மதிப்பிடப்படுகிறது. செல்வ நாடுகளில் இந்நோயுற்ற குழந்தைகளில் 100-க்கு 95-க்கும் மேற்பட்டோர் பிழைத்துவிடுகின்றனர். இங்கோ, கட்டி கண்ணைக் கடந்து வெளியே பரவிய பிறகு மருத்துவமனைக்கு வருவோர் பலர். கண்ணுக்குள் இருக்கும்வரை வெல்லத்தக்க நோய், வெளியே சென்றபின் உயிரைக் குடிக்கிறது. இந்தத் தாமதத்துக்கு மருந்து இல்லாமை மட்டும் காரணமன்று, அறியாமையும் காரணம்.

அடையாளம் எளியது. குழந்தையின் கண்மணி கறுப்பாக இல்லாமல் வெண்மையாகவோ, பூனைக் கண்போல் மின்னுவதாகவோ தோன்றும். மங்கிய ஒளியில் இது நன்கு புலப்படும். விளக்கொளி தெறிக்க எடுத்த புகைப்படத்தில் நல்ல கண்ணின் மணி சிவப்பாக விழும். கட்டியுள்ள கண்ணின் மணி வெள்ளையாக விழும். இன்று எல்லார் கையிலும் இருக்கும் கைப்பேசியே இந்த வகையில் ஒரு சோதனைக் கருவியாகிவிட்டது. மற்றோர் அடையாளம் மாறுகண். “கண்ணில் பூ விழுந்திருக்கிறது, போகப் போகச் சரியாகும்” என்று முன்னதை விட்டுவிடுவோரும், “மாறுகண் அதிர்ஷ்டம்” என்று பின்னதை மகிழ்ந்து ஏற்போரும் நம் ஊர்களில் இருக்கின்றனர். வெண்மணியும் மாறுகண்ணும் எல்லாம் புற்றாகிவிடா. கண்புரை முதலிய வேறு காரணங்களும் உண்டு. ஆனால் எது எதுவென்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் கண் மருத்துவர். அதற்கு வாரங்களை வீணாக்கலாகாது.

இந்நோய்க்குச் சிகிச்சை தரும் இடங்கள் நம் நாட்டிலேயே உள்ளன. தில்லியில் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ராஜேந்திர பிரசாத் கண் மருத்துவ நிலையம், சென்னையில் சங்கர நேத்ராலயா, மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனை, ஐதராபாத்தில் எல். வி. பிரசாத் கண் மருத்துவ நிலையம் ஆகியவை அவற்றுட் சில.

ஊரை விட்டுத் தொலைவில் வந்து பயிலும் நம்மை, விடுமுறைக்குச் செல்லும்போதெல்லாம், “நாலு எழுத்துப் படித்தவன்” என்று கருதி உறவினர் பல கேள்விகள் கேட்பது வழக்கந்தானே! அக்காள் குழந்தையின் கண் புகைப்படத்தில் வெள்ளையாகத் தெரிகிறது என்று யாரேனும் சொன்னால், “அதெல்லாம் ஒன்றுமில்லை” என்று ஆறுதல் கூறி அனுப்பிவிடாதீர்கள். மறுநாளே கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லச் சொல்லுங்கள். முடிந்தால் உடன் செல்லுங்கள். அவ்வீட்டுத் தாயிடம், இது அவள் செய்த குற்றமன்று என்பதையும் மறவாமல் சொல்லுங்கள்.